கிளீனர் சீட்டில் சௌந்திரம்

நாமகிரிப்பேட்டையிலிருந்து ஆத்தூருக்குப் போகும் சாலையில் அந்த நாளில் லாரிகள் கொஞ்சம்தான். தூரத்தில் ஹாரன் கேட்டாலே எந்த வண்டி, யார் ஓட்டுகிறார் என்று காட்டில் களை எடுக்கிற பெண்கள் சொல்லிவிடுவார்கள். அவர்கள் வாயில் அதிகம் அடிபட்ட பெயர் நாச்சிமுத்து. மயில்சாமி என்ற முதலாளியின் வண்டியை வெகுகாலமாக ஓட்டியவர். ஆட்டு மந்தைக்கு நடுவே ஒரு குட்டியின் வால்கூட உரசாமல் வண்டியைக் கொண்டுபோவார் என்று பேர். அவரைப் பற்றிப் பேச இன்றைக்கும் டீக்கடைகளில் ஆள் இருக்கிறது. அவர் மனைவி சௌந்திரத்தைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. அந்தக் குறை எனக்குப் பொறுக்கவில்லை.

சௌந்திரம் சேந்தமங்கலத்துக்காரி. கல்யாணத்தன்றுதான் முதன்முதலாக லாரியில் ஏறினாள். அப்போதெல்லாம் பெண் வீட்டுச் சனம் லாரியில்தான் வரும். பின்னால் ஜமுக்காளம் விரித்து ஒறம்பரை சொந்தபந்தம் முழுக்க நெருக்கி உட்கார்ந்து, பட்டுச்சேலை எல்லாம் புழுதியாகி வந்து இறங்கினார்கள். அதற்குப் பிறகு அத்தனை வருசமும் லாரி டிரைவர் பெண்டாட்டியாக இருந்தாளே தவிர, லாரியில் கால் வைக்கவில்லை. முன்சீட்டில் பொம்பளை உட்கார்ந்தால் வண்டிக்கு ஆகாது என்று ஒரு பேச்சு இருந்தது. எந்த மகராசன் கண்டுபிடித்தானோ தெரியாது. புருசன் நாக்பூர், கல்கத்தா என்று போய்வந்து சொல்கிற ஊர்ப் பெயர்களைக் கேட்டுக்கொண்டே சௌந்திரம் எருமைக்குத் தண்ணி காட்டினாள், ஒரே மகளை வளர்த்து ராசிபுரத்தில் கட்டிக் கொடுத்தாள். அவள் ஊரைத் தாண்டியது மகளின் பிரசவத்துக்கும், சேலத்தில் பல் பிடுங்கவும்தான்.

எண்பதுகள் பிறந்திருந்த சமயம். தை மாதமானால் அந்தச் சாலை முழுக்கக் களமாகிவிடும். கொள்ளுக்கொடியைப் பிடுங்கி வந்து தார்ரோட்டில் மொத்தமாகப் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்துக் கொள்ளை உதிர்த்துக் கொடுக்கும். மாடு கட்டி ஓட்டுகிற வேலை மிச்சம். ரோடு சர்க்காருடையது, பஸ்ஸும் சர்க்காருடையது, கொள்ளு மட்டும் நம்முடையது. இதைவிட என்ன சௌகரியம் வேண்டும்? மற்ற டிரைவர்கள் வாய்க்குள் திட்டிக்கொண்டே ஏற்றிவிட்டுப் போவார்கள். நாச்சிமுத்து திட்டக்கூட மாட்டார்.

அந்தத் தையில் மங்களபுரத்தைத் தாண்டி ஒரு கொள்ளுப் பரப்பில் ஏறி இறங்கும்போது முன்சக்கரத்தில் 'தொம்' என்று ஏதோ தட்டியது. கொடி காற்றில் பறக்காமலிருக்க யாரோ வைத்த கல். ஆனால் அந்தக் கணத்தில் அவருக்கு ஒரு நினைப்பு வந்துவிட்டது. கொடிக்குள் ஒரு குழந்தை ஒளிந்து விளையாடிக்கொண்டிருந்தால்? வண்டியை நிறுத்தி, இறங்கி ஓடி, இரண்டு கையாலும் கொடியை வாரி வாரிப் பார்த்தார். கல்தான். நெஞ்சைத் தடவிக்கொண்டு வண்டியேறினார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி வந்தது. ஓரத்தில் சரியாகப் பார்க்கவில்லையே? வண்டியைத் திருப்பினார்.

நிம்மதி அன்றோடு போயிற்று. பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் திரும்பிப் போய்ப் பார்த்தார். செத்தை கிடந்தால் திரும்பினார். சைக்கிள்காரனை ஒதுங்கிக் கடந்து போன பிறகு, அவன் இன்னும் சைக்கிளில்தான் இருக்கிறானா என்று பார்க்கத் திரும்பினார். வழியில் நிற்பவர்களிடம், "இங்க ஆருக்காச்சும் அடிபட்டுதுங்களா?" என்று கேட்டுக் கேட்டு, ஆத்தூர் போய்ச்சேரப் பொழுது சாய்ந்தது. அவர் கொண்டுபோன லோடோ குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி. பிடுங்கியதும் ஜவ்வரிசி மில்லுக்குப் போயாக வேண்டும், இல்லாவிட்டால் கறுத்துவிடும். மில்லுக்காரன் கறுத்த கிழங்கைப் பார்த்துக் கத்தினான். எந்தக் கிளீனரும் இவரோடு வரச் சம்மதிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் சௌந்திரத்தைப் பிடித்துக்கொள்வார்.

"ஏஞ் சௌந்திரம், நான் ஆரையும் ஏத்தலையில்ல?"

"ஒண்ணுமில்லீங்க. நீங்க ஆரையும் ஏத்தலீங்க."

"நெசமாத்தான சொல்றே?"

"சாமி சத்தியமாங்க."

அவர் முகம் தெளியும். சோற்றைப் பிசைவார். மூன்றாவது உருண்டையில் மறுபடி கேட்பார். அவளும் மறுபடி சொல்வாள். அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. கட்டியவனின் பயத்துக்குத் தன்னிடம் மருந்து இருக்கிறது என்பதில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

முதலாளி மயில்சாமி நல்ல மனுசன்தான். கண்ணேறு என்று முடிவு கட்டி, பூசாரியைக் கூட்டிவந்து, முன்சக்கரத்துக்கு அடியில் ஒரு சேவலை வைத்து வண்டியை ஏற்றச் சொன்னார். எதை நினைத்து ஒருவன் நடுங்குகிறானோ, அதையே அவன் டயருக்கு அடியில் கொண்டுவந்து வைக்கிற மூளை வேறு யாருக்கு வரும்? நாச்சிமுத்து ஏற்றினார். இறங்கி வந்து சேவலைப் பார்த்தார். அதற்குப் பிறகு பல நாள் வண்டிப் பக்கமே போகவில்லை.

"நாச்சிமுத்து, வார தை வரைக்கும் பாக்கறேன்," என்றார் மயில்சாமி. "அதுக்குள்ள சரியாகலீன்னா சாவியக் குடுத்துரு. எனக்கும் வேற வழியில்ல."

நாச்சிமுத்துவுக்கு ஏர் பிடிக்கத் தெரியாது, மாடு பூட்டத் தெரியாது. பதினாறு வயதில் ஸ்டியரிங்கைப் பிடித்தவர். அந்தச் சாவியை வாங்கிவிட்டால் அவரிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று சௌந்திரத்தால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவள் அழுதுகொண்டே ராசிபுரம் போனாள். மருமகன் நாலு பேரிடம் விசாரித்துச் சேலத்தில் மனசுக்கு வைத்தியம் பார்க்கிற ஒரு டாக்டரம்மாவைச் சொன்னார்.

டாக்டர் சாரதாமணி பெங்களூரில் படித்தவர். ஒரு ஜவுளிக்கடை மாடியில் இருந்தது அவருடைய அறை. ஊசி இல்லை, மருந்து வாசனை இல்லை. சௌந்திரத்துக்கு முதலிலேயே சந்தேகம் வந்துவிட்டது.

"பயம் வந்தா என்ன பண்றீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"திரும்பிப் போய்ப் பாக்கறேனுங்க," என்றார் நாச்சிமுத்து.

"பாத்தா?"

"கொஞ்ச நேரம் நல்லாருக்குதுங்க. அப்பறம் மறுக்கா வருதுங்க."

"கொசு கடிச்ச எடத்தச் சொறிஞ்சா சுகமா இருக்கும். சொறியச் சொறியப் புண்ணாகும். நீங்க திரும்பிப் போறது சொறியறது. போகாம உக்காந்து பாருங்க. பயம் ஏறும், உசுரு போற மாதிரி இருக்கும், அப்புறம் தானா எறங்கும். அது எறங்கறத நீங்க இதுவரைக்கும் ஒருநாளும் இருந்து பாத்ததே இல்ல."

நாச்சிமுத்து யோசித்தார். சௌந்திரம் தலையாட்டினாள். அவளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் டாக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"அம்மா, நீங்க 'ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல'ன்னு சொல்றீங்களே, அதுவும் சொறிஞ்சு விடறதுதான்."

சௌந்திரத்துக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "ஏனுங்க டாக்டரம்மா, கட்டுன புருசன் நடுங்கறப்ப ஆறுதல் சொல்லக் கூடாதுங்களா? இது எந்த ஊரு ஞாயமுங்க?"

"அவர் வண்டி ஓட்டறப்ப நீங்க கூட இருந்தீங்களா?"

"இல்லீங்க."

"அப்ப ஏத்துனாரா இல்லையான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சௌந்திரம் புருசன் முகத்தைப் பார்த்தாள்.

"தெரியாதில்ல? அதையே சொல்லுங்க. 'தெரியலீங்க'ன்னு சொல்லுங்க. தெரியாமயே வண்டிய ஓட்ட அவர் பழகணும். எல்லா டிரைவரும் அப்படித்தான் ஓட்டறாங்க. யாரும் ஒவ்வொரு கல்லையும் எறங்கிப் பாத்துட்டுப் போறதில்ல."

பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து, அவரைத் திரும்ப விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். கிளீனர் யாரும் வரமாட்டார்கள் என்று நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"இவங்க வரட்டும்," என்றார் டாக்டர், சௌந்திரத்தைக் காட்டி.

மயில்சாமிக்கு இந்தச் சேதி போனபோது மனுசன் வண்டியை ஒருதரம் சுற்றி வந்தார். கடைசியில், "சேவலக் குடுத்தே ஒண்ணும் ஆகல. பொம்பள ஏறுனா இதுக்கு மேல என்ன கெட்டுப் போகப் போவுது? ஏறச் சொல்லு," என்றார்.

இப்படித்தான் சௌந்திரம் நாற்பது வயதுக்கு மேல் கிளீனர் சீட்டில் ஏறினாள். ஏறத் தெரியாமல், சேலையை எங்கே பிடிப்பது, கம்பியை எங்கே பிடிப்பது என்று தடுமாறி, இரண்டு தரம் வழுக்கினாள்; மூன்றாம் தரம் புருசன் கை கொடுத்துத் தூக்கினார். ஊரே நின்று வேடிக்கை பார்த்தது.

டாக்டர் பயத்தை அணாக் கணக்கில் சொல்லச் சொல்லியிருந்தார். பதினாறு அணா சேர்ந்தால் ஒரு முழு ரூபாய்; அதில் எது எத்தனை அணா? காலி மைதானத்தில் சாக்குப்பை மேல் ஏற்றுவது இரண்டணா. பள்ளத்தில் இறக்குவது நாலணா. சந்தை நாளில் சேந்தமங்கலத்துக்குள் போவது பத்தணா. கொள்ளுப் பரப்பு என்றதும் நாச்சிமுத்து, "அது முழு ரூபாயுங்க," என்றார். இரண்டணாவில் ஆரம்பித்துப் படி ஏறுவது போல ஏற வேண்டும். ஒரு படியில் பயம் தணிந்த பிறகுதான் அடுத்த படி.

முதல் நாள் சாக்குப்பை மேல் சக்கரம் ஏறியதும் அவர் கேட்டார், "ஏத்திட்டனா சௌந்திரம்?"

சாக்குப்பையைப் போட்டதே அவள்தான். அவளுக்குத் தெரியாதா? "தெரியலீங்க," என்றாள். அந்த ஒரு சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. அவர் அவளைப் பார்த்த பார்வை, அடுப்பில் கஞ்சி இருக்க, பசிக்கு இல்லை என்று சொன்னவளைப் பார்ப்பது போல இருந்தது. வியர்த்துக் கொட்டியது. கதவைத் திறக்கப் போன கையைத் தானே இழுத்துக்கொண்டார். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு சீரானது. "எறங்குது," என்றார் ஆச்சரியத்தோடு. "அந்தம்மா சொன்ன மாதிரியே எறங்குது."

ஆனால் இரண்டு மாதம் போன பிறகும் நாலணாவைத் தாண்டவே இல்லை. சேலம் போனார்கள். டாக்டர் கேள்வி மேல் கேள்வி கேட்டுவிட்டு, "அம்மா, நீங்க வாயால சொல்றதில்ல சரி. கண்ணால சொல்றீங்களே," என்றார். உண்மைதான். சௌந்திரம் பக்கவாட்டுக் கண்ணாடியில் பின்னால் ஒரு பார்வை பார்ப்பாள். ஒன்றுமில்லை என்றதும் அவள் முகம் லேசாகிவிடும். அத்தனை வருசம் குடும்பம் நடத்தியவர் அல்லவா? பெண்டாட்டி முகத்தைப் படிக்கத் தெரியாதா? அவர் அதில்தான் பதிலை எடுத்துக்கொண்டிருந்தார்.

"இனிமே கண்ணாடியும் பாக்காதீங்க, அவரையும் பாக்காதீங்க. சன்னலுக்கு வெளிய பாருங்க," என்றார் டாக்டர்.

இந்த ஒரு உத்தரவுதான் சௌந்திரத்தின் ஆயுசையே மாற்றியது. அவள் சன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

ஆத்தூருக்குப் போகும்போது அவள் பக்கத்தில் போதமலை. திரும்பி வரும்போது கொல்லிமலை. பிறந்ததிலிருந்து அவள் பார்த்த மலைகள்தான். ஆனால் அவை இப்படித் திரும்பித் திரும்பிப் பக்கம் காட்டும் என்று அவளுக்குத் தெரியாது. மஞ்சள் காட்டில் தண்ணி பாய்கிற வாடை, மஞ்சள் வேக வைக்கிற புகை, கிழங்கு மில்லை நெருங்கும்போது வருகிற புளித்த நாற்றம், அதுகூட அவளுக்குப் பிடித்துப்போயிற்று. மில்லுக் களத்தில் வெள்ளை வெளேரென்று மாவு காயும். மல்லியகரையில் ஒரு கடையில் வடை வாங்கி, அவரும் அவளும் பானெட் மேல் காகிதத்தை விரித்துச் சாப்பிடுவார்கள். கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதே கிடையாது. அவர் சாப்பிட்ட பிறகுதான் அவள். ரேடியேட்டருக்குத் தண்ணி ஊற்றக் கற்றாள். சக்கரத்துக்கு முட்டுக்கல் வைக்கக் கற்றாள். கதவில் தட்டி "போலாம் ரைட்" என்று அவள் கத்துவதைக் கேட்க மில்லு வாசலில் கூட்டம் கூடும். ஒருமுறை ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு அயோத்தியாப்பட்டணம் வழியாகச் சேலம் போனபோது அவள் ரயிலைப் பார்த்தாள். ரயில் கூடவே ஓடி வந்தது. அதுவரைக்கும் சேலத்துக்கு அவள் பல் பிடுங்கவும் வைத்தியத்துக்கும்தான் போயிருந்தாள். அன்றைக்கு ராணி மாதிரிப் போனாள்.

இதற்கு நடுவே நாச்சிமுத்து படியேறினார். ஆறணா, எட்டணா. பத்தணாச் சந்தையில் இரண்டு தரம் தோற்று, ஒருமுறை வண்டியைத் திருப்பியே விட்டார். மறுசந்தையில் தாண்டினார். கேட்பதும் குறைந்தது. கேட்டாலும் அவள், "தெரியலீங்க," என்று வெளியே பார்த்தபடி சொல்வாள், அவர் 'உம்' என்று கியரை மாற்றுவார்.

தை வந்தது. மங்களபுரத்துக்கு அப்பால் ரோடு முழுக்கக் கொள்ளுக்கொடி.

காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கொள்ளுக்குச் சொந்தக்காரி கண்ணாத்தாள் ஓரத்தில் நின்று, "ஏத்துங்க, ஏத்துங்க, நல்லா நடுவுல ஏத்துங்க," என்று கையாட்டினாள். நாச்சிமுத்து இரண்டாம் கியருக்கு வந்தார். சௌந்திரம் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு போதமலையைப் பார்த்தாள். சக்கரம் கொடியில் ஏறிச் சரசரவென்றது. பிறகு 'தொம்'.

கொடியைத் தாண்டியதும் அவர் பிரேக்கை மிதித்தார். என்ஜினை அணைத்தார்.

"சௌந்திரம், ஏத்திட்டனா?"

அவள் திரும்பவில்லை. ஆனால் முதல்முறையாக அவளுக்கே அந்தப் பயம் வந்துவிட்டது. சாக்குப்பையைப் போட்டது அவள். பள்ளம் அவள் பார்த்த பள்ளம். இந்தக் கொடிக்குள் என்ன இருந்தது என்று அவளுக்கு நிஜமாகவே தெரியாது. கண்ணாத்தாளோடு எப்போதும் சுற்றுகிற பேரப்பிள்ளை எங்கே? ஒருவேளை? இறங்கி ஓடிப் பார்க்க அவள் காலே துடித்தது. ஒரு வருசமாக இந்த மனுசன் ஒவ்வொரு மைலிலும் இதைத்தானா சுமந்தார் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் மேல் வந்த இரக்கத்தில் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. கண்ணாடியில் ஒரு பார்வை போதும். ஒரு சொல் போதும். சொல்லிவிட்டால் சாவி போய்விடும்.

"தெரியலீங்க," என்றாள். "நெசமாவே தெரியலீங்க."

அவர் ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். முதுகுச் சட்டை நனைந்து ஒட்டியது. பின்னால் ஒரு பஸ் வந்து ஹாரன் அடித்தது, ஒதுங்கிக் கடந்து போனது, அதிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சௌந்திரம் மலையைப் பார்த்தபடியே இருந்தாள். அவளுக்குள் ஏறிய பயமும் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு என்ஜின் உறுமியது. வண்டி முன்னால் நகர்ந்தது.

ஆத்தூர் வரைக்கும் அவர் திரும்பவில்லை. மில்லில் கிழங்கு கறுக்காமல் இறங்கியது.

அதற்குப் பிறகும் பயம் எட்டிப் பார்க்கத்தான் செய்தது. அது வந்தால் வரட்டும் என்று ஓட்டப் பழகிக்கொண்டார். மயில்சாமி சாவியைப் பற்றிப் பேசவில்லை. மாசி பிறந்ததும் பம்பாய்க்கு ஒரு மஞ்சள் லோடு கொடுத்தார். கிளீனராகச் செல்லமுத்து என்று ஒருத்தர் சேர்ந்தார், போன வருசம் இதே வண்டியிலிருந்து கும்பிடு போட்டுவிட்டு இறங்கிப் போனவர்தான். சௌந்திரம் வீட்டில் இருந்தாள். எருமை அவளைப் பார்த்துச் சந்தோசப்பட்டது. அதற்கு மட்டும்தான் சந்தோசம்.

நாச்சிமுத்து திரும்பி வந்து கைகால் கழுவிச் சோற்றுக்கு உட்கார்ந்தார்.

"எங்கெங்க நிறுத்துனீங்க?" என்று கேட்டாள்.

"டீசலுக்கு நிறுத்துனேன். டீக்கு நிறுத்துனேன். வேற எதுக்கு நிறுத்தறது?" என்று சிரித்தார்.

அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அவள் தவமே கிடந்திருந்தாள். ஆனால் சிரித்த கையோடு கண்ணில் தண்ணி வந்துவிட்டது.

"என்ன சாமி? நல்லாயிருச்சுன்னு சொல்றேன், அழுவறே?"

"சந்தோசந்தானுங்க. ஆனா நான் போதமலையப் பாத்து எத்தன நாளாச்சு?"

"வீட்டுக்குப் பின்னால பொடக்காலியில நின்னாலே தெரியுதே போதமலை."

"அது அங்கயே நிக்குதுங்க. வண்டியில போனா கூடவே வரும்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கேட்டுவிடலாமா என்று இரண்டு நாளாக மென்று முழுங்கியதை அப்போது கேட்டுவிட்டாள். "என்ன ஒருநாளைக்குக் கூட்டிட்டுப் போறீங்களா? வைத்தியத்துக்கு இல்லீங்க. சும்மா."

அந்தப் பக்கத்தில் அந்தக் காலத்தில் பெண்டாட்டியை 'சும்மா' என்று எங்கேயும் கூட்டிப்போன ஆம்பிளை கிடையாது. கோயிலுக்குப் போவார்கள், கல்யாணத்துக்குப் போவார்கள், சாவுக்குப் போவார்கள். நாச்சிமுத்து சோற்றைப் பிசைந்து ஒரு உருண்டை தின்றார்.

"வெள்ளிக்கெழம கெழங்கு லோடு இருக்குது," என்றார். "செல்லமுத்த லோடு மேல ஏறிக்கச் சொல்றேன்."

வெள்ளிக்கிழமை காலையில் சௌந்திரம் தலைக்கு ஊற்றி, கனகாம்பரம் வைத்துக்கொண்டு, யாருடைய கையையும் பிடிக்காமல் வண்டியில் ஏறினாள். வைத்தியத்துக்குப் போன அத்தனை மாதத்தில் ஒருநாளும் அவள் பூ வைத்துக்கொண்டதில்லை.